வார்த்தைக்கு எழுபது பைசா

தேவகோட்டைக் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில் என் மேசை.
வாக்குமூலங்கள் தமிழாகப் படியேறி வரும்,
ஆங்கிலமாக இறங்கி மதுரை பஸ் ஏறும்.
வார்த்தைக்கு எழுபது பைசா.

இந்த வாரம் ஒரு பாகப்பிரிவினை, மேல்முறையீடு.
வீடு ஒன்று. பங்கு முப்பத்தொன்று.
அமீனா எண்ணியபடி கதவுகள் எண்பத்து நான்கு.
வாதி தரப்பு மூன்றாம் சாட்சி உமையாள்,
வயது நாற்பத்தாறு, கணவர் இல்லை,
கோயில் வரிக்கு அரைப்புள்ளி.

குறுக்கு விசாரணையில் கேட்டிருக்கிறார்கள்:
கொழுந்தனார் வயிரவனோடு உங்களுக்கு
முன்விரோதம் உண்டா?
பதிலை, பேசியது பேசியபடியே
அடித்து வைத்திருந்தார் தட்டச்சர்:
"விரோதமெல்லாம் இல்லங்க.
அவுக மேல ஒரு கோவம். அம்புட்டுத்தான்."

கோபத்துக்கு முன்னால் 'ஆன்' போட்டேன்.
கணினி உடனே நீலத்தில் நெளிகோடு இழுத்தது.
சாயங்காலம் வந்த ஜூனியர் வக்கீல் இளம்பரிதி
சிவப்பு மையால் அதை அடித்தார்.
"கோபம் எண்ண முடியாத சரக்கு மேடம்.
தண்ணி, அரிசி, நீதி மாதிரி.
'ஏ', 'ஆன்' ரெண்டும் ஒட்டாது."

நீதியை அரிசியோடு சேர்த்ததை
அவர் கவனிக்கவில்லை.

விளக்கை அணைத்த பிறகு
எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்:
ஒரு பயம். ஒரு நிம்மதி.
ஒரு மரியாதைக்காவது வந்திருக்கலாம்.
ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.
இதுக்கெல்லாம் ஒரு நியாயம் வேண்டாமா?
யார் எண்ணினார்கள் இங்கே?
இரண்டு பயம், மூன்று நிம்மதி என்று
எந்தக் கடையில் கேட்டோம்?
எங்கள் 'ஒரு' எண் இல்லை.
உள்ளங்கையில் எதையோ மூடிக்கொண்டு
திறக்காமல் காட்டுவது.

இலக்கணப் புத்தகத்தில் ஒரு சலுகை இருந்தது.
எப்படிப்பட்ட கோபம் என்று சொல்லிவிட்டால் போதும்,
ஆழமான, பழைய, அடங்காத என்று
ஏதாவது ஒன்று பக்கத்தில் நின்றால் போதும்,
கோபத்துக்கும் 'ஏ' கிடைக்கும்.
துணையோடு வந்தால் முழுப்புள்ளி.
தனியாக வந்தால்
பேரேட்டில் இடம் இல்லை.

மறுநாள் கீழே ஆதார் நகல் எடுக்க
உமையாளே நின்றிருந்தார்.
கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்:
"அது என்ன மாதிரி கோவம்ங்க?"
"எதுக்குக் கேக்குறீக?"
"இலக்கணத்துக்கு."
சிரித்தார். மிச்சச் சில்லறைக்குக் கை நீட்டியபடி சொன்னார்:

"மக கல்யாணத்துக்கு வெள்ளி விளக்கு எடுக்கப் போனேன்.
சாவி குடுக்காம இல்ல, குடுத்தாக.
காப்பி குடுத்தாக.
திருப்பிக் கொண்டாந்து வச்சப்போ
எட்டையும் எண்ணுனாக.
என் முன்னாடியே.
ஒருக்கா எண்ணிட்டு, மறுக்காவும் எண்ணுனாக."

சாட்சி கூண்டில் சொல்லாததை
நான் சேர்க்க முடியாது.
எட்டு விளக்குகளையும் ஜெராக்ஸ் கடையிலேயே விட்டுவிட்டு
மாடி ஏறினேன்.

மொத்தம் பத்தொன்பது இடங்களில்
சிவப்பு மை ஓடியிருந்தது.
பதினெட்டில் இளம்பரிதி சொன்னது சரி:
தாமதம், அலட்சியம், சம்மதம், இன்னும் என்னென்னவோ,
எல்லாம் மொட்டையாகவே நன்றாக நின்றன.
பதினான்காம் பக்கம், ஏழாம் வரியில் மட்டும்
'ஆன்' மறுபடி ஏறிக்கொண்டது.
நீலக்கோடு நெளிந்தது. நெளியட்டும்,
அச்சில் அது வராது.

பில் போட்டேன்.
அடித்த வார்த்தைகள் பத்தொன்பது,
கழிவு பதிமூன்று ரூபாய் முப்பது பைசா.
கால்குலேட்டரில் சரிபார்த்த இளம்பரிதி
"கணக்கு கரெக்ட்" என்றார்.