மூன்றாவது வட்டம்

பழுகாமத்துப் பள்ளிக்கூட மைதானத்தில்
சுண்ணாம்பால் ஒரு எச் போட்டேன்.
பிரதேச சபை பவுசர் வந்து புழுதியை நனைத்தது.
மூங்கிலில் சேலைக்கரை கட்டிக் காற்றுப் பார்த்தேன்:
வயல் பக்கமிருந்து கச்சான்.
பறக்கக்கூடியதெல்லாம் பொறுக்கினேன்,
ஷொப்பிங் பை, சோடனைத் தாள், யாரோ கழற்றிய தொப்பி.
கம்பெனி தந்தது ஒரு மஞ்சள் அங்கி, காதுக்கு மூடி,
நாள்கூலி நாலாயிரம்.
மாப்பிள்ளை சுவிஸ்.

"முந்தி வந்ததும் இதுதானே?"
பந்தல்கார நேசதுரை கேட்டான்.
இதுதான். இரட்டை அலகு, அதே மெலிந்த வால்,
அதே சறுக்குக் கால்.
காலையில் ஓடுபாதையில் எண்ணெய் துடைக்கையில்
பின்கதவுக்குக் கீழே பார்த்தேன்:
நாலு துவாரம், ஆணி அடைத்து
வெள்ளை பூசியிருந்தது.
"சீற் பெல்ட்டுக்கா சேர்?"
கப்டன் லியனகே குனிந்து பார்த்தார்.
"வாங்கும்போதே இருந்தது."

முதலில் சத்தம்தான் வரும்,
ஈரச் சாக்கைக் கல்லில் அடிப்பதுபோல.
மெஷின் பிறகு.

எங்களிடம் ஒரு கணக்கு இருந்தது.
முதல் வட்டம் பார்க்க.
இரண்டாவது, தேர்ந்தெடுக்க.
மூன்றாவதில் கதவுப் பக்கம் சரியும்,
அதற்குள் கானுக்குள் இருக்க வேண்டும்.
ஏழு வயதில் ஏழாம் வாய்ப்பாடு எனக்கு வரவேயில்லை.
இது வந்தது.

வீடியோக்காரப் பொடியன் வோக்கியில் கேட்டான்:
"இறங்க முதல் மூணு சுத்துச் சுத்தச் சொல்லுங்கக்கா,
மணவறையச் சுத்துறமாதிரி."
சரி என்றேன்.
நான்தான் சரி என்றேன்.

முதல் வட்டத்தில் போன்கள் உயர்ந்தன.
இரண்டாவதில் தவில் நின்றது,
சத்தத்தில் கேட்காததால் என்று நினைத்தேன்.
மூன்றாவதில் கதவு திறந்தது.

பாதிப் பந்தல் காலி.
நாற்பது தாண்டியவர்களெல்லாம்
பட்டுவேட்டியோடு மாமரத்தடியில்,
கூறைச்சேலைக்காரியின் மாமிமார் வேனுக்கு அடியில்,
தவில்காரர் கானுக்குள், தவிலைக் கட்டிப்பிடித்தபடி.
சின்னதுகள் மட்டும் கயிற்றுக்கு வெளியே
வாயைப் பிளந்துகொண்டு நிமிர்ந்து நின்றதுகள்.
அதுகள் தலையில்
மூன்று கூடை செவ்வந்தி கொட்டியது.

நான்
எச்சின் குறுக்குக் கோட்டுக்கு எதிரே
இரு கைகளையும் உயர்த்தி நின்றேன்.
இறங்கு என்பதற்கும்
சுடாதே என்பதற்கும்
கை ஒன்றுதான்.

விசிறி ஓய்ந்ததும் ஆட்கள் வந்தார்கள்
முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு,
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்.
பெண்ணின் தகப்பன் சிவலிங்கப்போடியார்
சமையல் கிடாரத்துக்குப் பின்னாலிருந்து எழுந்தார்.
"கறிக்கு உப்புப் பாக்கப் போனன்" என்றார்,
கேட்காத என்னிடம்.

பின்னேரம் படிவம் நிரப்பினேன்.
தரையிறக்கம்: ஒன்று. பயணிகள்: மூவர்.
இடையூறு என்ற கட்டத்தில்
பேனை கொஞ்சநேரம் நின்றது.
மாடு ஒன்று, என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.