எட்டு நிமிடம்

படிவம் குடும்பப் பெயர் கேட்கிறது.
அப்பாவின் பெயரை எழுதினேன்.
வாகரையில் செத்துப்போனவர்;
இனி லீட்ஸில் என்னைக் கூப்பிட
அவர்தான் திரும்பிப் பார்க்கவேணும்.

பட்டச் சான்றிதழை மூன்று முறை சரிபார்த்துவிட்டார்கள்.
பதினொரு வருடம் வெட்டித் தைத்த கைக்கு
கழுவும் முறைக்காக இரண்டு புள்ளி.

இரவு பத்தரை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸ்.
வார்டு உதவியாளர் கிருபையக்கா
நோயாளியாக நடிக்க வந்திருக்கிறா.
வேலைச் சேலையை மாற்றவில்லை.
தாளில் இருப்பது: மேல் வயிற்றுவலி, மூன்று நாள்.
அவ தமிழில் நோவா,
நான் இங்கிலீஷில் கவலைப்படுவேன்.

போனில் எட்டு நிமிடம் ஓடத் தொடங்கிற்று.
பெயர் சொன்னேன். அனுமதி கேட்டேன்.
கண்ணைப் பார்த்தேன், அதற்கும் புள்ளி.
எப்ப இருந்து?
"ஆறு மாசம் இருக்கும், டொக்டர்."
மூண்டு நாள் கா, தாளப் பாருங்க.
"ஓம் ஓம், மூண்டு நாள்."

தாளில் வலி மேலே.
அவவின் கை இடப்பக்கம், கீழே,
கொய்யகத்துக்குள் விரல் வைத்தபடி
எடுக்கவேயில்லை.

நல்லாத்தான் நடிக்கிறா என்று நினைத்தேன்.

பிறகு இங்கிலீஷ் எங்கே போனதோ.
"படுங்க அக்கா."
கை கழுவவில்லை.
விரலுக்கடியில்
கல் மாதிரி ஒன்று,
தள்ளினாலும் அசையாமல்.

போன் அடித்தது.
ஆரும் நிப்பாட்டவில்லை.
முகட்டைப் பார்த்தபடி கேட்டா:
"இதுவும் சோதனையில வாறதா, டொக்டர்?"

காலையில் எட்டுக்கு ஸ்கேன் அறைக்கு வாங்க என்றேன்.
சாப்பிடாம வாங்க.