5.52க்குப் போட்ட பூட்டு

இரவு பன்னிரண்டு நாற்பதுக்குச்
சம்பள ஓட்டம் அறுபத்தொரு சதவீதத்தில் நின்றது.
சிவப்பு விளக்கில்லை, பிழைச் செய்தியில்லை.
‘இயங்குகிறது’ என்றே சொல்கிறது திரை,
இன்ஜினை அணைக்காமல்
நடுரோட்டில் லாரியை விட்டு
டீக்குப் போனவன் சொல்வதுபோல.

ஆம்பூர், துத்திப்பட்டு ரோடு, இரண்டாம் மாடி.
ஏசி சர்வருக்கு மட்டும்.
எனக்கு ஒரு டேபிள் ஃபேன்,
அதற்கும் கழுத்து திரும்பாது.
கீழே கட்டிங் ஹாலில் நாளைக்கு வெட்ட வேண்டிய தோல்.
அதன் நெடி படியேறி வந்து
என் சட்டையில் உட்கார்ந்து நான்கு வருடம்.

ஐந்தரைக்குள் பேங்குக்கு ஃபைல் போக வேண்டும்.
போகாவிட்டால்
ஏழாம் தேதி எட்டாம் தேதியாகும்.
மாதனூர் வேனில் வருகிறவர்கள்,
பேரணாம்பட்டு வேனில் வருகிறவர்கள்,
இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர்
செல்போனைப் பார்த்துப் பார்த்துத் தைப்பார்கள்.
சீட்டுக்காரருக்கு எட்டாம் தேதி என்றால் புரியாது.

முதலில் ரத்து பொத்தானை அழுத்தினேன்.
‘ரத்துக்குக் காத்திருக்கிறது’ என்று
அதுவும் போய் வரிசையில் நின்றுகொண்டது.
பெங்களூருக்கு டிக்கெட் போட்டேன்.
மிக முக்கியம் என்று குறித்திருந்தேன்.
முக்கியமானதையெல்லாம் அவர்கள்
காலை ஒன்பதுக்குப் பார்ப்பார்களாம்.

பிறகுதான் பூட்டுப் பட்டியலைத் திறந்தேன்.
ஒரே வரி.
பயனர் சுரையா, அக்கவுண்ட்ஸ்.
நேரம் மாலை 5.52.
பிடித்து வைத்திருப்பது ஊழியர் எண் 4471.
நீரில்லாத ஆறு என்பார்கள் எங்கள் ஜில்லாவை.
இது ஆளில்லாத பூட்டு.

4471: ரேணுகாம்பாள், தையல், லைன் ஒன்பது.
திறந்திருப்பது பிடித்தங்கள் பக்கம்.
அட்வான்ஸ், மாதம் ஆயிரத்தைந்நூறு.
அதைக் கூட்ட வந்தாளா, நிறுத்த வந்தாளா?
சேமிக்காத எழுத்து
எனக்கும் தெரியாது, சர்வருக்கும் தெரியாது.
கம்பெனி பஸ் ஆறு மணிக்கு.
அந்தக் கட்டத்தில் கர்சரை வைத்து
யோசித்துக்கொண்டே இருந்திருப்பாள்,
ஹாரன் கேட்டிருக்கும்.

போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.
வாணியம்பாடியில், கைக்குழந்தை தூங்கும் வீடு.
இறங்கிப் போய் அவள் மேஜையைப் பார்த்தேன்.
இருட்டில் மவுஸ் மட்டும் சிவப்பாக.
மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது,
‘4471, கேட்டுட்டு செய்.’
யாரைக் கேட்டு?

மூன்று பத்துக்குப் பூட்டை அழித்தேன்.
‘உறுதியா?’ என்றது.
இதே கேள்வியை அது
காலியான ஃபோல்டரை அழித்தாலும் கேட்கும்.
ஆம்.
அறுபத்திரண்டு. அறுபத்துமூன்று.
ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது.
4471 வந்தபோது நிறுத்திப் பார்க்க முடியவில்லை,
பிறகு தேடிப் பார்த்தேன்:
போன மாதம்போலவே ஆயிரத்தைந்நூறு போயிருந்தது.

ஃபைல் நாலு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தது.
லாக் புத்தகத்தில் ‘காரணம்’ என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
‘பயனர் மூடாமல் சென்றார்’ என்று எழுதினேன்.
மஞ்சள் சீட்டின் அடியில்,
‘பூட்டை நான்தான் எடுத்தேன்.
நீ எழுதியது போய்விட்டது. மறுபடி எழுது.
ஜெயசீலன், நைட் ஷிஃப்ட்.’

ஆறரைக்கு முதல் வேன்.
டிபன் கூடையோடு இறங்குகிறார்கள்.
லைன் ஒன்பது யார், லைன் நாலு யார்
மேலிருந்து தெரியவில்லை.
பணம் பத்து மணிக்குத்தான் ஏறும்.
அதற்குள்ளேயே சிலர்
போனை எடுத்துப் பார்க்கிறார்கள்.