கரும்போ கரம்போ

கியூர்பிப்பில் மழை.
சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்,
ஜன்னலோர மேசை எனக்கு.
காலையிலிருந்து நாற்பத்து மூன்று ஊர்களுக்குப்
பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன்.
விளையாட்டில் ஒரு குதிரைக்காரன் அவற்றைத் தாண்டிப் போவான்.
பலவற்றில் இறங்கக்கூட மாட்டான்.

முதலில் வைத்தவை எல்லாம் அழகாக இருந்தன.
வெள்ளியாறு. நிலாத்துறை. ஆயிரங்கிளி.
ழெரார் பொருள் கேட்டுவிட்டு,
‘இங்கே யாருக்கும் கடன் இருக்காது போலிருக்கே’ என்றான்.
அழித்தேன்.

ஊர்ப்பெயர் என்றால்
பக்கத்து ஊர்க்காரன் அதைக் கெடுத்துச் சொல்லிச்
சிரித்திருக்க வேண்டும்.
பஸ் பலகையில் ஓரெழுத்து உதிர்ந்து
அந்த எழுத்தில்லாமலே டிக்கெட் கிழித்திருக்க வேண்டும்.
புளியமரம் செத்து அறுபது வருஷமான பிறகும்
புளியடி, புளியடி என்றே
ஜனம் இறங்கியிருக்க வேண்டும்.

தேய்த்தேன்.
வெள்ளியாறு வெள்ளாறாகி, வெளார் ஆயிற்று.
ஆயிரங்கிளியில் கிளிகள் பறந்துபோய்
ஐரங்கி என்று ஏதோ மிஞ்சியது.
ஐரங்கியில் ஒரு மளிகைக்கடை எனக்குத் தெரிகிறது.
கடைக்காரனுக்கு மூலம்.
இந்த ஊர் பிழைத்துக்கொள்ளும்.

நம்பும்படி வேண்டும் என்கிறார்களே,
நான் பிறந்த தீவு தேறுமா?
தங்கப்பொடி என்று ஒரு கடற்கரை.
நாலு அக்கா தங்கை என்று ஓர் ஊர், சற்றுத் தள்ளி
இரண்டு அண்ணன் தம்பி.
மலையடியில் நெஞ்சுவெடிப்பு,
அங்கிருந்துதான் சந்தைக்கு வெண்டைக்காய் வருகிறது.
நான் உட்கார்ந்திருக்கும் ஊருக்கே
சுங்கான் துடைத்த இடம் என்று பொருள் சொல்கிறார்கள்.
பிரெஞ்சில் யார் காதிலும் விழுவதில்லை.
தமிழில் சொன்னால்தான் பொய் போல இருக்கிறது.

போன மாதம் மோக்காவில்
பழைய பதிவேட்டைத் திறந்து காட்டினார்கள்.
தம்பிக்கு இந்தியாவின் அட்டை வேண்டும்,
அதற்கு ஒரு நகல்.
காத்தையன். வயது இருபத்திரண்டு.
ஐந்தடி இரண்டங்குலம். இடப்புருவத்தில் தழும்பு.
ஊர் என்ற கட்டத்தில்
குமாஸ்தாவின் சாய்ந்த ஆங்கில எழுத்து.
கரும்புத்தூர் என்று படித்தான் தம்பி,
அப்பா சொல்லிவந்தபடி.
கரம்பத்தூர் என்று படித்தேன் நான்.
ஓர் உகரத்துக்கு இந்தப் பக்கம் கரும்பு,
அந்தப் பக்கம் தரிசு.
மாவட்டம் தஞ்சாவூர்.
இரண்டு ராத்திரி வரைபடத்தை உருட்டினோம்.
நெருக்கி நெருக்கி ஊர்கள்.
இது இல்லை.

குமாஸ்தாவின் காது சரியில்லை என்கிறான் தம்பி.
எனக்கு என்னவோ,
வரிசையில் நின்றவனுக்கு
யாரோ தேடி வரக்கூடிய ஓர் ஊர் இருந்தது.
ஒரு கடன், அல்லது ஒருத்தி, அல்லது ஓர் அரிவாள்.
எந்த ஊர் என்று கேட்டதும் வெளியே பார்த்தான்.
துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
கரும்பு என்றான், பின்னால் ஓர் ஊரை ஒட்டினான்.
விட்டுவந்த வயல் நினைவில் வந்து
கரம்பு என்றானோ என்னவோ.
என்னைப் போல அவனுக்கு ஒரு காலைப்பொழுது கிடைக்கவில்லை.
பேனா மையில் தோய்ந்து எழும் நேரம்தான்.
நூற்றைம்பது வருஷம் நின்றிருக்கிறது,
ஒரு வீடுகூட இல்லாமல்.
என் கல்யாணப் பேச்சில் அப்பா
‘நாங்கள் கரும்புத்தூர்’ என்று சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார்.
எதிர்ப்பக்கம் ஒருவர்,
‘கேள்விப்பட்டிருக்கிறேன்’ என்றார்.

மணி நாலரை.
நாற்பத்து மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது.
குமாஸ்தா எழுதியபடியே,
எழுத்துக்கு எழுத்து மாற்றாமல் போட்டேன்.
ழெரார் பட்டியலைப் படித்தான்.
இதற்கு உதட்டைப் பிதுக்கினான், அதற்குச் சிரித்தான்,
ஐரங்கிக்குத் தலையாட்டினான்.
கடைசிப் பெயரை
ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போனான்,
குதிரைக்காரன் போல.