வலச் செவி

நோவினாவில், மூன்றாம் மாடியில்,
அலமாரி அளவே உள்ள ஓர் அறைக்கு வெளியே உட்கார்ந்து
உள்ளே இருப்பவர் காதில்
சின்னச் சின்னச் சத்தங்கள் போடுவது என் வேலை.
கேட்டால் பொத்தானை அமுக்குவார்கள்.
வலச் செவிக்குச் சிவப்பு வட்டம்,
இடச் செவிக்குச் சாய்ந்த நீலச் சிலுவை.
எல்லா ஊரிலும் அப்படித்தான் குறிப்பார்கள்,
யாரும் அதில் அர்த்தம் வைத்துச் செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை, பத்து நாற்பது.
வரிசை எண் திரையில் ஏற
கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் பியூலா.
பதினோரு வருஷம்.
முடியில் நரை; அதே தடித்த கண்ணாடி.
முகக்கவசத்துக்கு மேலே மிச்சமிருந்த என்னை
அடையாளம் கண்டாளா, தெரியவில்லை.
என் பெயர் அட்டையைத் திருப்பிவிட்டேன்,
கயிறு தானாக முறுக்கிக்கொண்டதுபோல.

இப்போதே சொல்லிவிடுகிறேன்.
கேகே மருத்துவமனை, லிப்டுக்குப் பக்கத்து நாற்காலிகள்.
ஏழாம் மாதத்தில் பிறந்து
நான்கு நாள் மட்டும் இருந்த ஒருவனுக்கு
அவள் பெயர்கூட வைத்திருந்தாள்.
சபையிலிருந்து ஐந்து பேர் போயிருந்தோம்,
மைலோ டின், ஆரஞ்சுப் பழம், வேதப்புத்தகத்தோடு.
மற்றவர்கள் அழுதார்கள்.
அழத் தெரியாத நான்தான் பேசினேன்:
“எங்கேயோ விசுவாசம் குறைஞ்சிருக்கும், பியூலா.
கேட்கிற விதமா கேட்டிருந்தா கொடுத்திருப்பார்.”

குரலை உயர்த்தவில்லை. ஜெபிக்கிற குரல்.
நாற்பது டெசிபெல் இருந்தால் அதிகம்.
நூற்றிருபதைத் தாண்டினால்தான் செவி வலிக்கும் என்று
பரீட்சையில் எழுதித் தேறியவள் நான்.

பிறகு எங்கள் வரிசையில் அவள் இடம் காலி.
உட்லண்ட்ஸ் பக்கம் ஓர் ஆங்கிலச் சபைக்குப் போகிறாள் என்றார்கள்.
கொஞ்ச நாளில், எங்கும் போவதில்லை என்றார்கள்.
நான் ஞாயிறு தவறாமல் போனேன்.
அப்பத்தையும் ரசத்தையும் இதே வாயில்தான் வாங்கினேன்.

ஒரு பெரிய வெள்ளியன்று
தோட்டத்தில் பேதுரு வாளை உருவிய இடத்தை வாசித்தபோது
எல்லோரும் வாளைப் பற்றிப் பேசினார்கள்.
நான் புல்லில் கிடந்த காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆண்டவர் பக்கம் நிற்கிறோம் என்ற வேகத்தில்
வெட்டிய காது. மல்குஸின் வலது காது.
தீப்பந்தங்கள் சூழ, கைகள் கட்டப்படுமுன்
அவர் கடைசியாகச் செய்தது
தம்முடைய ஆள் போட்ட காயத்தைத் தொட்டதுதான்.
பேதுரு அப்போது எங்கே பார்த்துக்கொண்டு நின்றான்?
அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

பியூலாவின் வலப்பக்கம் அறுபதில்தான் பொத்தான் அமுங்கியது.
நரம்பு, வயது, ஏதோ வைரஸ். டாக்டர் சொல்வார்.
நான் காரணமில்லை. எனக்குத் தெரியும்.
தெரிந்தும், ஒவ்வொரு சிவப்பு வட்டத்தையும்
திறந்த வாய்போலவே வரைந்தேன்.

அடுத்து சொற்கள்.
மைக்கில் நான் சொல்வதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும்.
தமிழ், பட்டியல் இரண்டு.
“பால்.” “பால்.”
“கதவு.” “கதவு.”
“மழை.” “மலை.”
தவறு ஒன்று, குறித்துக்கொண்டேன்.
“ஊசி.” “ஊசி.”
“தம்பி.”
கொஞ்ச நேரம் கழித்து, “தம்பி.”

பட்டியலில் அடுத்தது குடை.
நான் “மன்னிச்சிடு” என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிமிரவில்லை.
ஹெட்போனை வலப்பக்கம் ஒரு விரலால் அழுத்திக்கொண்டாள்.
“மன்னிச்சிடு” என்றாள்,
பாலையும் கதவையும் சொன்ன அதே குரலில்.

சரியாகத்தான் கேட்டிருக்கிறது.
அதைக் குறிக்கத் தாளில் கட்டம் இல்லை.

“குடை” என்றேன்.
எனக்கே கேட்கவில்லை.

“இன்னொரு தரம் சொல்லு, ஹெப்சி” என்றாள்.