வெற்று எடை

லாபிஸ் சாலையில், செம்பனை ஆலை வாசலில்
எடைப்பாலத்துக் கூண்டுக்குள் என் நாற்காலி.
குலையோடு லோரி ஏறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டுக் காலியாய்த் திரும்பும்,
அதையும் எழுதுவேன்.
கழித்து வருவதற்குத்தான் காசு.
லோரியின் சொந்தக் கனத்துக்கு
இதுவரை யாரும் ஒரு சென் தந்ததில்லை.

தனபாலனுக்கு உரக் கிடங்கில் இரவுக் காவல்.
காலை ஆறரைக்கு அவர் மோட்டார் உள்ளே,
ஏழுக்கு என் மோட்டார் வெளியே.
சாயங்காலம் அதுவே தலைகீழ்.
நடுவில் கிடைக்கும் இரண்டு அரைமணி நேரம்தான்
எங்கள் கல்யாணம்.

சமையல் அவருடையது.
என் கையில் இன்றைக்கும் சோறு குழையும்.
கெம்போங் மீனை முள் முள்ளாய் ஆய்வதற்கு
அவருக்குத்தான் பொறுமை.
பேங்கு, வீட்டுக் கடன், ஒழுகும் குழாய், பாம்பு
எல்லாம் நான்.
ராத்திரி முழுக்கக் காவல் காக்கிற மனுஷன்
பாம்பென்றால் மேசை மேல் நிற்பார்.
நான் விளக்குமாற்றைத் தேடுவேன்.

துணி துவைப்பவர் அவர்,
கொடியில் போடுவது மட்டும் இருட்டியபின் நான்
என்று கொஞ்ச காலம் ஓடியது.
வாசலில் அல்லவா கொடி.
பிறகு ஒரு நாள், வெயிலைப் பார்த்துப் பொறுக்காமல்
என் பாவாடையை உதறிக் கிளிப்பு மாட்டியிருக்கிறார்.
"என்னப்பா, வீட்டுல உடம்பு சரியில்லையா?"
எதிர்வீட்டு மாசிலாமணி கேட்டாராம்.
"நல்லாத்தான் இருக்கா," என்றாராம்,
"நானும்தான்."

இதைச் சொல்லிச் சொல்லி
ஆலையில் நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.
சரிபாதி என்று.

ஆனால் எண்ணெய் முடியப்போகிறது என்பது
என் தலையில் இருந்தது.
துர்க்ஷனாவுக்குப் புதன்கிழமை தடுப்பூசி,
வேன்காரருக்கு மாதக் காசு,
அவர் அம்மாவின் மருந்துச் சீட்டு,
கேஸ் தோங்கை எப்போது மாற்றினோம்,
எல்லாம் என் தலையில்.
எடைச்சீட்டில் நம்பர் போடும்போதும்
உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

சண்டையாக இல்லாமல்தான் சொன்னேன்.
"சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே," என்றார்.
உண்மை. செய்திருப்பார்.
அந்தச் "சொல்லியிருந்தா"தான்
என் வேலை என்று
அவருக்கு எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை.
நவம்பர் மழை ஆரம்பித்த வாரம்
வாயை மூடிக்கொண்டேன்.
கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.
இரண்டு தடவை நாக்கு நுனிவரை வந்ததை
தேத்தண்ணியோடு விழுங்கினேன்.

ஒன்பதாம் நாள்
பாதி வெந்த சோற்றுக்கு அடியில்
நீல நெருப்பு சுருங்கி, ஒரு தடவை துள்ளி, அணைந்தது.
அவர் அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
நான் ஜன்னலில் மழையைப் பார்த்தேன்.
தோங்கைக் கழற்றித் தூக்கியவர்
மோட்டாருக்குப் போகிற வழியில் நின்றார்.
"காலித் தோங்குக்கே இவ்வளவு கனமா?"

அரிசி வீணானது.
கடை ரொட்டி சானாயைப் பிய்த்தபடி
மூன்று பேரும் அதிகம் பேசவில்லை.
குழந்தைக்கு மட்டும் கொண்டாட்டம்.
வேலைக்குக் கிளம்பும்போது கேட்டார்:
"இன்னும் என்னென்ன இருக்கு, உன் தலையில?"
அரைமணி போதாது என்றேன்.

இப்போது ஐஸ்பெட்டிக் கதவில்
நான் கழித்துப்போட்ட எடைச்சீட்டின் முதுகில்
அவருடைய கோணல் எழுத்து:
பற்பசை. மின்சார பில். அம்மா மருந்து, வெள்ளி.
துர்க்ஷனா சப்பாத்து, நம்பர் 3.

நாலு.
போன ஜூனிலேயே நாலு.
காந்தத்தில் தொங்கிய பேனாவை எடுத்தேன்,
மூடியைத் திறந்தேன்,
மூடி வைத்தேன்.

கடையில் காலே சொல்லிவிடும்.