தலையெழுத்து

ஒரு பெண்குதிரையையும்
அது மேய்ந்த வயலையும் விற்று
மாலக்கி டார்ப்பி இந்த உரிமத்தை வாங்கினார்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று.
கில்வாராக் கடைத்தெருவில் அன்று
பதினேழு மதுக்கடைகள், ஒரு பள்ளிக்கூடம்.

உரிமம் உள்ளவர் பெயர்
கதவுக்கு மேலே இருந்தாக வேண்டும், சட்டம்.
பலகை எழுத வந்தவன்
எழுத்துக்கு இவ்வளவு என்றான்.
ஆகவே
எம். டார்ப்பி.
மாலக்கி முழுசாக ஏறவே இல்லை.

ஒன்பது வருடம் ஊற்றினார். பிறகு நெஞ்சுச்சளி.
ஹொனோரா பலகையைப் பார்த்தாள்,
தன் வயிற்றைப் பார்த்தாள்,
ஆண் என்றால் மத்தியாஸ்
பெண் என்றால் மார்செலா என்றாள்.
சாயச்செலவு மிச்சம்.
மகன் மீசை வைக்கும்வரை அவளே கடை நடத்தினாள்.
எம் யார் என்று காவலர் கேட்டால்
மிசஸ் என்பாள்.

இடப்பக்கம் தேயிலை, ஆணி, உப்பிட்ட பன்றி.
வலப்பக்கம் கறுப்பு பீர்.
மாடியில் சவப்பெட்டிப் பலகைகள்.
ஒரு மனிதனுக்கு வேண்டியது
அனேகமாக எல்லாம்.

ஏரியில் மூழ்கிய பேச்சி கனீனை
விசாரணை அதிகாரி வரும்வரை
எங்கள் நிலவறையில்தான் கிடத்தினார்கள்;
ஊரிலேயே குளிர்ச்சியான இடம்.
இரண்டு நாள் அவன் தலைக்கு மேலே
அவனுக்காகக் குடித்தார்கள்.
பாதிப் பேர் கடன்.

கடன் புத்தகம் இன்னும் இருக்கிறது.
இருபதாம் ஆண்டு நவம்பர், மத்தியாஸ் கையெழுத்து:
“அரசரின் வீரர்கள். இருபத்துமூன்று பைன்ட்.
ஒரு கண்ணாடி. ஒரு கடிகாரம்.
பணம் வரவில்லை.”
அடித்துவிடாமல்
வருடாவருடம் புதுப் பக்கத்துக்கு
எடுத்து எழுதியிருக்கிறார்.

என் அப்பா மைல்ஸ் ஒரு சொட்டும் தொடாதவர்.
கோட்டுமடிப்பில் மதுவிலக்கு ஊசி.
பாதி ஊற்றி நிறுத்துவார்;
நுரை அடங்குவதற்குள்
ஒரு வேலித் தகராறு தீர்ந்துவிடும்.
மரத்தடுப்புக்குப் பின்னால், பெண்களின் மூலையில்,
சின்னக் கதவை இருமுறை தட்டினால்
யாருக்கு என்ன என்று
பார்க்காமலே நீட்டுவார்.
பார்க்காததுதான் மரியாதை.

எம், அக்கா மஜெல்லாவுக்குப் போயிற்று.
நான் டிம்ஃப்னா.
கடைக்கு வேண்டாதவள் என்பது
ஞானஸ்நானத்தன்றே முடிவான விஷயம்.
அக்கா இப்போது பெர்த்தில்
சுரங்க லாரி ஓட்டுகிறாள்;
கிறிஸ்துமஸுக்கு வெயிலில் நின்று படம் அனுப்புவாள்.
முப்பத்தொரு வருடம்
அவள் எழுத்துக்குக் கீழே நின்று ஊற்றினேன்.

மார்ச்சில் வக்கீல் கடிதம்.
எங்கோ சுற்றுச்சாலையில் ஒரு சூப்பர்மார்க்கெட்,
ஒயின் அலமாரிக்கு உரிமம் தேடுகிறது.
இந்த நாட்டில் புது உரிமம் கிடையாது;
ஒன்று பிறக்க
ஒன்று சாக வேண்டும்.

செவ்வாய் இரவுகளில் எனக்கு மூன்று பேர்.
ஒருவருக்கு மாத்திரை, அதனால் எலுமிச்சைச் சாறு.
கையெழுத்துப் போட்டேன்.
அழவில்லை. ஒழுகியது கூரை மட்டும்,
அதற்குத்தான் அந்தப் பணம்.

மாலக்கியின் குதிரையும் வயலும்
இப்போது
தள்ளுபடி ஷாம்பெயினுக்கும்
பூனை உணவுக்கும் நடுவே எங்கேயோ.

இனி கதவுக்குமேல் பெயர் வேண்டும் என்று
எந்தச் சட்டமும் இல்லை.
மறுநாளே சாயக்காரனைக் கூப்பிட்டேன்.
ஸ்லாவோமிர், கிராக்கூவ்காரன், ஏணியோடு வந்தான்.
கடைதான் இல்லையே, எதற்கு என்றான்.
எழுத்துக்கு எவ்வளவு என்றேன்.
எழுத்துக்கில்லை, மணிக்கு என்றான்.

அப்படியானால் முழுசாக எழுது.

சாயம் காயுமுன் ஃபிளரி காஃப்னி வந்தார்,
தலையை அண்ணாந்து
நெடுநேரம் எழுத்துக்கூட்டினார்.
“யாரம்மா இது? புது ஆளா?”

கடைசிப் பீப்பாயில் கொஞ்சம் கிடந்தது.
பாதி ஊற்றி நிறுத்தினேன்.
வழக்கம்போல் சில்லறையை எண்ணி வைத்தார்.
திருப்பித் தள்ளினேன்,
வாங்கினால் இப்போது குற்றம்.
அவர் மறுபடி இந்தப் பக்கம் தள்ளினார்.

நுரை அடங்கிக்கொண்டிருந்தது.